பசுமைத் தொழிலில் பெண்கள்: முதல் வாடிக்கையாளர் யார்?

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மகளிர் பகுதித் தலைவி அவர்களே, தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே! 

சுற்றுச்சூழலைக் கெடுக்காத தொழில்களில் பெண்கள் வெற்றி பெற எவை துணை செய்கின்றன என்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் வழக்கமாக உலகம் சூடாவதிலிருந்து தொடங்குவார்கள். நான் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் என்னிடம் கணக்குக் கொடுத்தவர்கள். பயப்பட வேண்டாம், யார் பெயரையும் சொல்லப் போவதில்லை.

நான் பார்த்த புத்தகங்களில் மீந்த துணியில் பை தைத்தவர்கள் இருக்கிறார்கள். பொரித்த எண்ணெயில் சோப்புக் காய்ச்சியவர்கள், கறித்தூளைக் கண்ணாடிப் போத்தலில் விற்றவர்கள், பிளாஸ்டிக் இல்லாமல் விருந்துச் சமையல் எடுத்துச் செய்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சிலர் ஓராண்டில் நிறுத்திவிட்டார்கள். சிலர் பத்தாண்டு தாண்டியும் நடத்துகிறார்கள். நின்றவர்களுக்கு பூமியின் மீது பாசம் அதிகம், நிறுத்தியவர்களுக்குக் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. இரு தரப்பாருக்கும் அது ஒன்றுபோலவே இருந்தது. வேறுபாடு எங்கே இருந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் துணிப்பை. நம்மில் பல குடும்பங்களுக்கு ஜவுளிக் கடையோடும் தையல் கடையோடும் மூன்று தலைமுறைத் தொடர்பு உண்டு. வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. பினாங்கில் 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்றார்கள். 2011-இல் எல்லா நாளும் இல்லை, வேண்டுமானால் 20 சென் கொடுங்கள் என்றார்கள். அப்போதிருந்தே துணிப்பை தைக்கலாமே என்ற எண்ணம் நம் பெண்களுக்கு வந்துவிட்டது. நல்ல எண்ணம்தான்.

ஒரு சகோதரி என்னிடம் கணக்குக் கொண்டுவந்தார். துணி இனாம். நூல், கைப்பிடி நாடா, மின்சாரம் எல்லாம் சேர்ந்து பைக்கு ஒரு வெள்ளி. விற்கும் விலை நான்கு வெள்ளி. லாபம் மூன்று வெள்ளி என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒரு பை தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். வெட்டுத் துணியைத் துவைத்து, தேய்த்து, நிறம் பார்த்து ஒட்டுப்போட்டுத் தைத்து முடிக்க முக்கால் மணி நேரம் என்றார். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 சென். அப்படியானால் முக்கால் மணி நேரத்தின் கூலி 6 வெள்ளி 54 சென். ஒரு வெள்ளிச் செலவைச் சேர்த்தால் பையின் அடக்கவிலை 7 வெள்ளி 54 சென். நான்கு வெள்ளிக்கு விற்றால், பை வாங்கும் ஒவ்வொருவருக்கும் இவர் கையிலிருந்து 3 வெள்ளி 54 சென் கொடுக்கிறார் என்று பொருள்.

அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே அக்கா?" என்றார். இரண்டு பிள்ளைகளும் படுக்கையில் ஒரு மாமியாரும் உள்ள வீட்டில் சும்மா இருக்கும் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இரவு பதினொன்றுக்கு மேல் தைப்பாராம்.

இந்தக் கணக்கு எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் பசுமைத் தொழிலில் இது இரண்டு மடங்கு முக்கியம். சாதாரணத் தொழிலில் சரக்குக்குத்தான் அதிகப் பணம் போகும். மீந்ததிலிருந்தும் கழிவிலிருந்தும் பொருள் செய்யும்போது சரக்கு மலிவு, சில நேரம் இனாம். செலவு முழுவதும் உழைப்பில் இருக்கிறது. பொறுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், பாத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும். இவை எல்லாம் வீட்டில் பெண்கள் காலங்காலமாகச் சம்பளமின்றிச் செய்துவரும் வேலைகள். அதனால் அவற்றுக்கு விலை உண்டு என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. தன் உழைப்பை எழுதாத பெண் நடத்தும் பசுமைத் தொழில் லாபம் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், தொழில் நின்றுவிடும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் மூடப்பட்டன.

பை தைத்த சகோதரி மூடவில்லை. ஒட்டுப்போடுவதை நிறுத்தினார். ஒரே அளவு, ஒரே வெட்டு, நேர்த்தையல் என்று மாற்றினார். ஒரே தடவையில் நாற்பது பைக்கு வெட்டி வைத்துக்கொண்டார். பைக்கு இருபது நிமிடம் என்று குறைந்தது. அடக்கவிலை நான்கு வெள்ளிக்குள் வந்தது. இப்போது ஆறு வெள்ளிக்கு விற்கிறார். பெரும்பாலும் திருமண வீடுகளுக்குத் தாம்பூலப் பையாக, முன்பணம் வாங்கிக்கொண்டுதான் தைக்கிறார். சந்தையில் கடை போட்டு உட்காருவதை விட்டுவிட்டார்.

இதே வழியில் வெகுதூரம் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறிய நாடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்கே ஞ்ஜாவ் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் ஈசாத்து சீசே. வறுமையால் படிப்பைத் தொடர முடியாமல் போனவர். ஓலைக்கூடை தூக்கிய ஊருக்குப் பிளாஸ்டிக் பை வந்தது. கிழிந்ததும் வீட்டுக்குப் பின்னால் வீசினார்கள். குவிந்த பைகளில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகியது. ஆடுகள் தின்று செத்தன. 1997-இல் ஈசாத்து தன்னோடு நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பைகளைப் பொறுக்கிக் கழுவினார். நீள நாடாவாக வெட்டி, குரோஷே ஊசியால் சிறு பணப்பைகள் பின்னினார். குப்பையைக் கிளறும் பெண்கள் என்று ஊர் சிரித்தது. அதனால் கொஞ்ச காலம் மறைவாகவே வேலை செய்தார்கள். பிறகு அந்த வேலை பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவியது. 2015-இல் காம்பியா பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஈசாத்துவின் கதை ஆங்கிலத்தில் சிறுவர் நூலாக வந்தது.

அவர் கதையில் இரண்டு விஷயங்களை நான் கவனிக்கிறேன். அவர் விற்றது பணப்பை. குப்பை குறைந்ததில் வாங்குபவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கத் தூண்டியது பணப்பையின் அழகு. மற்றொன்று, ஐந்து பேராகத் தொடங்கியது. ஊர் சிரிக்கும்போது தனியாக இருக்கும் பெண் வீட்டுக்குள் போய்விடுவாள். ஐந்து பேர் இருந்தால் அவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஐந்து என்ற எண் நமக்கும் புதிதில்லை. 1987-இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார், வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முறையைப் பின்பற்றி, ஐந்தைந்து பெண்களாகக் குழு சேர்த்துத்தான் சிறுகடன் கொடுத்து வருகிறது. இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற பெயரில் ஒரு கடன் திட்டமும் 2024-இல் அதன் வழியாக வந்தது. தெக்குன் நேஷனலில் ஸ்பூமி என்ற திட்டம் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. விவரங்களை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்குவதற்கு முன் அடக்கவிலையை எழுதிக்கொண்டு போங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். நட்டத்தில் ஓடும் தொழிலுக்குக் கடன் கிடைத்தால் நட்டம்தான் பெரிதாகும்.

அடுத்தது கறித்தூள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த தொழில் இது. எனக்குத் தெரிந்த ஒரு லாத்தா மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், மல்லித்தூள் மூன்று மட்டும் விற்கிறார். பிளாஸ்டிக் பொட்டலம் வேண்டாம், வாடிக்கையாளர்கள் வீட்டுப் போத்தலைக் கொண்டுவரட்டும், அதில் நிரப்பிக் கொடுப்போம் என்றுதான் தொடங்கினார். எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு மாதத்தில் புகார் வந்தது. தூள் கட்டி பிடிக்கிறது, ஒரு வீட்டில் வண்டே வந்துவிட்டது. காரணம் தூளில் இல்லை, போத்தலில் இருந்தது. காலையில் கழுவி, சரியாகக் காயாத போத்தலைக் கொண்டுவருகிறார்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். யார் தப்பு என்று பார்த்தால் வாடிக்கையாளர் தப்பு. கெட்டுப்போனது யார் பெயர் என்று பார்த்தால் லாத்தாவின் பெயர்.

அவர் முறையை மாற்றினார். எல்லாம் ஒரே அளவுள்ள போத்தல், அவருடைய போத்தல். காலிப் போத்தலைக் கொடுத்தால், அவர் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்து நிரப்பிய வேறு போத்தலைக் கொடுப்பார். முதல் தடவை போத்தலுக்கு இரண்டு வெள்ளி வைப்புத்தொகை. இப்போது நிரப்புவது வாரத்தில் இரண்டு நாள், மாற்றிக் கொடுப்பது எல்லா நாளும். ஈரப் பிரச்சினை தீர்ந்தது. போத்தலைத் திருப்பிக் கொடுக்க வருபவர் வெறுங்கையோடு போவதில்லை என்பதால் வியாபாரமும் கூடியது.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்தவர்களிடம் நானே கேட்டுப் பார்த்தேன். ஏழு பேரில் ஒருவர் மட்டும்தான் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசினார். மற்ற ஆறு பேரும், இந்தத் தூளைப் போட்டால் மீன் கறி உம்மா வைத்தது போல இருக்கிறது என்றார்கள். பசுமை என்று எழுதி ஒட்டினால் மக்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நம் சமூகத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. ருசிக்கும் சுத்தத்துக்கும் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் குறைவது நம் பங்குக்கு நாம் செய்வது.

பசுமை என்று எழுதி ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். காகிதக் குவளை என்று வாங்குகிறோம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. மக்கும் பை என்று அச்சடித்திருக்கும் எல்லாப் பையும் நம் வீட்டுத் தோட்ட மண்ணில் மக்கிவிடாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்க வேண்டாம். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, இதுவும் அதைச் சேர்ந்ததே.

சோப்பு பற்றிச் சுருக்கமாக. நம்மவர்களின் நாசி கண்டார் கடைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் பொரித்த எண்ணெய் நிறைய மீறுகிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் சோப்பாக்குவது நல்ல வேலை. ஒரு கிலோ பாமாயிலுக்கு ஏறக்குறைய 135 கிராம் காஸ்டிக் சோடா போதும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் செய்யவே கூடாது. வார்த்த சோப்பு நான்கு வாரமாவது ஆற வேண்டும். இது பாத்திரத்துக்கும் தரைக்கும் ஆகும். உடம்பில் தேய்க்கும் சோப்பு என்று விற்றால் அது அழகுப் பொருள் கணக்கில் சேரும். சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவித்துப் பதிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. பழைய எண்ணெயைப் பயோடீசலுக்காக வாங்கிப் போகிறவர்கள் இப்போது கடை வாசலுக்கே வருகிறார்கள். சோப்புக் காய்ச்சும் உழைப்பையும் எழுதிப் பார்த்தால், சில மாதங்களில் எண்ணெயாக விற்பதே மேல் என்று கணக்குச் சொல்லும். அப்படியானால் விற்றுவிடுங்கள். எண்ணெய் சாக்கடைக்குப் போகாமல் இருந்தால் போதும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். தொழில் யார் பெயரில் இருக்கிறது? உழைப்பவர் மனைவி. பதிவு கணவர் பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில், கைப்பேசியில் பணம் வரும் எண் மைத்துனருடையது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வசதிக்காகத்தான். ஆனால் கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு வரவு செலவுச் சரித்திரமும் இருப்பதில்லை. ஐந்து வருடம் உழைத்தவர் வங்கி மேசையில் நேற்றுத் தொடங்கியவர் போல உட்கார வேண்டியிருக்கிறது. கணவர் மறைந்த வீடுகளில் இதனால் வந்த சிக்கல்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்னை கதீஜா ரலியல்லாஹு அன்ஹா அவர்களை நாம் ஒவ்வொரு மகளிர் கூட்டத்திலும் நினைவுகூர்கிறோம். மக்காவின் வணிகக் கூட்டங்களில் அவர்கள் முதலீடு அவர்களுடையதாகவே போனது. ஆட்களை அமர்த்தி, லாபத்தில் பங்கு பேசி அனுப்பினார்கள். அதைப் பேசும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் வியாபாரத்தை அவள் பெயரில் எழுதத் தயங்குவது எனக்குப் புரியவில்லை. 1974-இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினார்கள். காய்கறி விற்றவர்கள், பழைய துணி விற்றவர்கள் போன்ற எளிய பெண்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. புகைப்படத்தை அடையாளமாக வைத்துக் கணக்குத் திறந்தார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. எஸ்எஸ்எம்-இல் சொந்தப் பெயரில் தொழில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, தனியாக ஒரு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவுத் தொழில் என்றால் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் வேண்டும். இந்தச் செலவையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு வளைகாப்புச் சேலையின் விலை வராது.

சங்கத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். முக்கியமானதை இப்போதுதான் சொல்லப் போகிறேன், இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்.

நிலைத்து நிற்கும் தொழில்களில் நான் கண்ட பெரிய வேறுபாடு முதல் வாடிக்கையாளர்தான். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து விற்றவர்கள் களைத்துப் போனார்கள். தொடக்கத்திலேயே ஓர் அமைப்பு, ஒரு பள்ளிக்கூடம், ஓர் அலுவலகம், ஒரு பெரிய குடும்பம், ஆண்டு முழுவதும் வாங்குகிறோம் என்று சொன்ன இடத்தில் தொழில் நின்றது. பூனாவில் குப்பை பொறுக்கிய பெண்கள் ஸ்வாச் என்ற கூட்டுறவு அமைத்தார்கள். 2008-இல் மாநகராட்சி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்து வாங்குகிறார்கள், வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். தெருவில் விரட்டப்பட்ட பெண்ணுக்கு அடையாள அட்டை கிடைத்தது, வருமானம் கணக்குக்கு வந்தது. வேலை பழையதுதான். புதிதாக வந்தது உறுதியான ஓர் ஒப்பந்தம்.

நம்மிடம் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறதா? இருக்கிறது. ஐம்பது வயதான அமைப்பு. அதன் மண்டபத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அஸருக்குப் பிறகு நம் பள்ளிவாசல்களில் கஞ்சிக்கு வரிசை நிற்பது உங்களுக்குத் தெரியும். நம் பெரியவர்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்த வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். இப்போது பிளாஸ்டிக் பாத்திரம், அதற்கு மூடி, அதைத் தூக்க ஒரு பிளாஸ்டிக் பை. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நோன்புக்கு ஒன்பதாயிரம் பாத்திரம், ஒன்பதாயிரம் மூடி. எல்லாம் மஃரிபுக்குப் பிறகு குப்பைக்குப் போகின்றன. பினாங்குக் குப்பை போய்ச் சேரும் பூலாவ் புரோங்கில் 2022 ஜனவரியில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும். சுற்றியுள்ளவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். நாம் நோன்பு திறந்த பாத்திரங்களும் அந்த மலையில் கிடந்திருக்கும்.

பாத்திரம், மூடி, பை மூன்றும் சேர்த்து 40 சென் என்றால் ஒன்பதாயிரத்துக்கு 3,600 வெள்ளி. ஒவ்வொரு நோன்பிலும் இந்தப் பணத்தைக் கொடுத்து நாம் குப்பை வாங்குகிறோம். அதே 3,600 வெள்ளியை ஐந்து பெண்கள் கொண்ட ஒரு குழுவுக்குக் கொடுத்தால்? முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 120 வெள்ளி, ஆளுக்கு 24 வெள்ளி. முன்பு சொன்ன மணிக் கூலியின்படி ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரச் சம்பளம். முந்நூறு எவர்சில்வர் பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் அலசித் துடைத்து அடுக்க ஐந்து பேருக்கு அந்த நேரம் போதும்.

முறை, கறித்தூள் லாத்தா காட்டிய முறைதான். இன்று கஞ்சி வாங்குபவர் நாளை காலிப் பாத்திரத்தைக் கொடுத்து வேறு பாத்திரத்தில் வாங்கிக்கொள்வார். வெளியே முந்நூறு, உள்ளே முந்நூறு, ஆக அறுநூறு பாத்திரம் வேண்டும். பள்ளிவாசலுக்குப் பாய் வாங்கிக் கொடுக்கவும் தட்டு வாங்கிக் கொடுக்கவும் நம் குடும்பங்கள் போட்டி போடுகின்றன. மறைந்த வாப்பா, உம்மா பெயரில் பத்துப் பாத்திரம் என்று கேட்டால் இரண்டு ஜும்ஆவில் அறுநூறும் சேர்ந்துவிடும். பாத்திரம் திரும்பி வருமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. சில வராது. அதனால்தான் வைப்புத்தொகை வாங்க வேண்டும், அதைப் பெருநாளைக்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கும் கையில் காசில்லாதவர்களுக்கும் வைப்புத்தொகை கேட்கக் கூடாது, அந்த இழப்பைச் சங்கம் ஏற்க வேண்டும்.

நோன்பு முடிந்த பிறகு அந்தப் பாத்திரங்கள் அலமாரியில் தூங்க வேண்டியதில்லை. திருமணம், மவ்லிது மஜ்லிஸ், கந்தூரி, வீடு குடிபோகுதல் என்று ஆண்டு முழுவதும் நமக்கு விருந்து இருக்கிறது. அந்தக் குழுவே பாத்திரங்களை வாடகைக்குக் கொடுத்து, கழுவி, திரும்ப அடுக்கும். இங்கேதான் அது தொழிலாகிறது. முதல் ஆண்டு சங்கத்தின் வேலை அவர்களுக்கு அடிப்படை வருமானம். இரண்டாம் ஆண்டு வெளி விருந்துகள். சந்தையைத் தேடி அவர்கள் அலைய வேண்டியதில்லை, நம் விருந்துகளில் சாப்பிட்டவர்களே நாளைய வாடிக்கையாளர்கள்.

இதற்காகச் சங்க நிர்வாகத்திடம் நான் கேட்பது நன்கொடை இல்லை. எழுத்தில் ஓர் ஒப்பந்தம். எத்தனை நாள், எத்தனை பாத்திரம், எவ்வளவு கூலி, எந்தத் தேதியில் பணம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். "நம்ம பிள்ளைகள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது வேண்டாம். தேதி தள்ளிப்போன பணத்தால் மூடிய தொழில்களும் என் புத்தகங்களில் இருக்கின்றன. இன்னொன்று, கழுவும் இடத்தில் நல்ல தண்ணீர்க் குழாயும், இடுப்பு உயரத்தில் ஒரு மேடையும் கட்டிக் கொடுங்கள். குனிந்து உட்கார்ந்து முந்நூறு பாத்திரம் கழுவினால் பத்தாம் நோன்பில் முதுகு போய்விடும்.

வீட்டு ஆண்களிடமும் ஒரு வார்த்தை. நோன்பு மாதத்தில் அஸருக்கு முன்னும் பின்னும் எந்த வீட்டிலும் பெண்ணுக்கு நேரம் இருக்காது. மூன்று மணி நேரம் அவர் வெளியே போய் வேலை செய்ய வேண்டுமானால் அந்த மூன்று மணி நேரம் வீட்டில் யாரோ இருக்க வேண்டும். நான் கணக்கு எழுதிய, பத்தாண்டு தாண்டிய தொழில்களில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒருவர் இருந்தார். ஒரு வீட்டில் மாமனார். இன்னொரு வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த தம்பி. காலிப் பாத்திரம் வாங்கும் மேசையில் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதவும் ஆட்கள் வேண்டும். பின்வரிசைத் தம்பிமார்களை நான் முதலிலேயே ஏன் விளித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வாசலில் மகளிர் பகுதிச் செயலாளர் நீல நிற அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். கழுவும் குழுவில் சேர விரும்புகிறவர்கள் முதல் பக்கத்திலும், பாத்திரம் வாங்கித் தர விரும்புகிறவர்கள் இரண்டாம் பக்கத்திலும் பெயர் எழுதுங்கள். மேசையில் உட்காரும் தம்பிமார்களுக்கு மூன்றாம் பக்கம். ஷஅபான் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் கூடுவோம். வரும்போது ஒரு கால்குலேட்டரும் கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.